'ஹிட் த ரூஃப்' என்றால் கூரை இடிவதில்லை: திடீர்க் கோபத்துக்கான ஆங்கிலத் தொடர்களைக் கையாளும் வழி

திருப்பூரில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த முதல் வாரத்திலோ, கோவை ஐ.டி. கம்பெனியில் உட்கார்ந்த முதல் மாதத்திலோ இப்படி ஒரு வரி காதில் விழும்: "த பையர் ஹிட் த ரூஃப்." பொருளை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பையர், அதாவது சரக்கு வாங்கும் வாடிக்கையாளர், எகிறிவிட்டார், அவ்வளவுதான். அதே தொடரை நாமாக எடுத்து மெயிலில் எழுதும்போதுதான் சறுக்குகிறது. இலக்கணம் பிசகுகிறது; சில சமயம் இலக்கணம் சரியாக இருந்தும் ஆளைப் புண்படுத்திவிடுகிறது.

காரணம் இதுதான். இந்தத் தொடர்களில் பெரும்பாலானவை கோபத்தைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வதற்கானவை. கோபமாக இருக்கும் ஆளின் முகத்துக்கு நேரே சொல்வதற்கும், நாம் கோபமாக இருக்கும்போது எதிராளி மேல் வீசுவதற்கும் வேறு சொற்கள் இருக்கின்றன. இந்த ஒன்று பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வேலை: பழைய பழக்கத்தைக் கழற்றுவது

நாம் தினமும் பேசும் தமிழிலேயே சில ஆங்கிலச் சொற்கள் கோபத்துக்காகப் புழங்குகின்றன. அவை ஆங்கிலத்தில் வேறு வேலை செய்கின்றன.

"மேனேஜர் டென்ஷன் ஆயிட்டாருங்" என்றால் நமக்குக் கோபம். ஆங்கிலத்தில் 'டென்ஸ்' என்பது படபடப்பு. பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பையனின் நிலை. "ஹி பிகேம் டென்ஷன்" என்பது வாக்கியமே ஆகாது.

"ஜி.எம். என்னைய ஃபயர் பண்ணிப்போட்டாருங்" என்றால் நமக்குத் திட்டு. "மை ஜி.எம். ஃபயர்ட் மீ எஸ்டர்டே" என்று அமெரிக்கரிடம் சொன்னால், உங்கள் வேலை போய்விட்டது என்றே அவர் எடுத்துக்கொள்வார், இனி யாருக்கு மெயில் போடுவது என்று கேட்பார். திட்டு வாங்கியதைச் சொல்ல 'ஹி டோல்ட் மீ ஆஃப்' அல்லது 'ஹி ஷௌட்டட் அட் மீ' போதும்.

'மேட்' நமக்குப் பைத்தியம். அமெரிக்காவில் அன்றாடப் பேச்சில் அது கோபம். "ஆர் யூ மேட் அட் மீ?" என்று அங்கிருந்து ஒருவர் கேட்டால், "கோவிச்சுக்கிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார். 'அப்செட்' நமக்கு வருத்தம், சோர்வு. வெளிநாட்டு மெயிலில் 'த கஸ்டமர் இஸ் அப்செட்' என்று வந்தால் பெரும்பாலும் கோபம்தான். ஆறுதல் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடக் கூடாது, உடனே ஏதாவது செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று: 'ஆங்க்ரி ஆன் மீ'. "என் மேல கோபம்" என்பதில் உள்ள 'மேல்' அப்படியே 'ஆன்' ஆகிவிடுகிறது. 'ஆங்க்ரி வித் மீ' அல்லது 'ஆங்க்ரி அட் மீ' என்று இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்யாமல் மரபுத்தொடர் பக்கம் போனால், அங்கும் இதே 'ஆன்' வந்து ஒட்டிக்கொள்ளும்.

தொடக்கத்துக்கு ஐந்து போதும்

புத்தகத்தில் நாற்பது, ஐம்பது தொடர் கிடைக்கும். அத்தனையும் மனப்பாடம் செய்தால் ஒன்றோடொன்று குழம்பி "ஹி லாஸ்ட் ஹிஸ் ரூஃப்" என்று வெளியே வரும். ஐந்தை மட்டும் எடுங்கள்.

'லூஸ் ஒன்ஸ் டெம்பர்' முதலாவது ('ஒன்ஸ்' இருக்கும் இடத்தில் ஆளுக்கேற்ப ஹிஸ், ஹெர், மை வரும்). எங்கும் செல்லும், கடிதத்திலும் எழுதலாம், டீக்கடையிலும் பேசலாம். இறந்தகாலம் 'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்'. ஆங்கிலத்தில் எழுதும்போது 'லூஸ்' என்பதில் 'ஓ' எழுத்து ஒன்றே ஒன்று. இரண்டு 'ஓ' போட்டால் தொளதொளப்பான சட்டை என்று பொருள்; நாம் பேச்சில் 'லூசு' என்பது அந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது. மெயில்களில் இந்த ஒரு எழுத்துப் பிழை அடிக்கடி வருகிறது, ஸ்பெல் செக் அதைப் பிடிக்காமலும் போகும், ஏனென்றால் இரண்டும் சரியான சொற்கள்.

இரண்டாவது 'ஹிட் த ரூஃப்'. வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார் என்பதற்கு மிக நெருக்கம். குதித்த குதியில் தலை கூரையில் இடிக்கிறது. 'ஹிட் த சீலிங்' என்றாலும் இதே பொருள். இதன் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார்: 'கோ த்ரூ த ரூஃப்'. அது கோபத்துக்கும் வரும், விலைக்கும் வரும். "யார்ன் பிரைசஸ் வென்ட் த்ரூ த ரூஃப்" என்றால் நூல் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. "த மில் ஓனர் ஹிட் த ரூஃப்" என்றால் முதலாளி எகிறினார். விலை 'ஹிட்' அடித்துக் கூரையைத் தொடாது, துளைத்துக்கொண்டு போகும். 'ரெய்ஸ் த ரூஃப்' என்பதோ பெரும்பாலும் கைதட்டலும் விசிலுமாக அரங்கம் அதிர்வது. கோபத்துக்கு அதை எடுக்காதீர்கள்.

மூன்றாவது 'ஸீ ரெட்'. இதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். தமிழில் கோபப்பட்டவனின் கண் சிவக்கும். ஆங்கிலத்தில் அவன் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் சிவக்கும். நாம் வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிறோம். அவர்கள் உள்ளேயிருந்து பார்த்துச் சொல்கிறார்கள். அதனால்தான் 'மை ஐஸ் பிகேம் ரெட்' என்று எழுதினால் கோபமாகாது. மெட்ராஸ் ஐ வந்துவிட்டதா, டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்பார்கள். 'ஐ ஸா ரெட்', அவ்வளவுதான். 'த ரெட்' வேண்டாம், 'ரெட் கலர்' வேண்டவே வேண்டாம். சிவப்புத் துணியைப் பார்த்து மிரளும் காளையிலிருந்து இது வந்தது என்று பலர் சொல்வார்கள். உண்மையில் மாட்டுக்குச் சிவப்பு நம்மைப் போலத் தெரியாது. நம் கண்ணில் நிறம் அறியும் செல் மூன்று வகை, மாட்டுக்கு இரண்டு வகைதான். துணி அசைவதுதான் அதைச் சீண்டுகிறது. காங்கேயம் காளை கட்டியிருக்கும் வீட்டில் வேட்டியை உதறிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது 'ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்'. இங்கே 'ஹேண்டில்' என்றதும் பைக் ஹேண்டில்பாரை நினைக்காதீர்கள். ஆப்பு தளர்ந்த கோடாலியை ஓங்கி வீசினால் தலை காம்பை விட்டுக் கழன்று பறக்குமே, அந்தக் காம்புதான் ஹேண்டில். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த தொடர். பறக்கும் கோடாலித் தலை எங்கே விழும், யார் மேல் விழும் என்று தெரியாது. அந்தக் கட்டுப்பாடின்மைதான் இதன் உயிர். இதைப் பற்றி அடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது 'அப் இன் ஆர்ம்ஸ்'. இது தனியாள் கோபமாகப் பெரும்பாலும் வராது. ஊர், சங்கம், தொழிலாளர், விவசாயிகள் என்று கூட்டமாகக் கொதிக்கும்போது வரும். 'ஆர்ம்ஸ்' என்றால் இங்கே ஆயுதம். கைகளைத் தூக்குவதாக நினைத்து 'அப் வித் ஆர்ம்ஸ்' என்று எழுதுகிறார்கள், தவறு. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியபோது கீழ்ப்பகுதி விவசாயிகள் கொந்தளித்தார்கள் அல்லவா, 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் வரை போன விவகாரம், அதற்கு இந்தத் தொடர் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்: "த ஃபார்மர்ஸ் வேர் அப் இன் ஆர்ம்ஸ் ஓவர் த டை வேஸ்ட்." காரணத்தைச் சொல்ல 'ஓவர்' அல்லது 'அபௌட்'.

இரண்டாவது வேலை: தொடர் யார் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பது

அகராதியில் எல்லாவற்றுக்கும் 'கடுங்கோபம் கொள்' என்றே போட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு தொடரும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. புதியவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

'ஹிட் த ரூஃப்' யார் பக்கமும் நிற்காது. கோபம் நியாயமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்' கிட்டத்தட்ட அப்படியே, ஆனால் பொறுமையாக இருந்திருக்கலாமே என்ற லேசான குறை தொனிக்கும்.

'ஃப்ளூ ஆஃப் த ஹேண்டில்' கோபப்பட்டவரைக் குறை சொல்கிறது. சின்ன விஷயத்துக்கு இந்த ஆட்டமா என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. 'த்ரூ எ ஃபிட்' (இந்த 'த்ரூ' 'த்ரோ' என்பதன் இறந்தகாலம்), 'லாஸ்ட் இட்' இரண்டும் இதே வகை. முன்னது ஆளைக் குழந்தை ஆக்கிவிடும். ஆகவே உங்கள் பையர், உங்கள் அதிகாரி, உங்கள் மாமனார் இவர்களைப் பற்றி இந்த வகையைப் பயன்படுத்தினால், அவர்கள் கோபம் நியாயமற்றது என்று நீங்கள் எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

'ஸா ரெட்' கோபப்பட்டவர் பக்கம் கொஞ்சம் சாயும். 'இட் மேக்ஸ் மை ப்ளட் பாய்ல்' முழுக்கவே அவர் பக்கம். அநியாயத்தைக் கண்டு ரத்தம் கொதிக்கிறது என்பது தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றேபோல் அமைந்த அபூர்வமான இடம். தைரியமாக எடுத்தாளலாம். ஒரே நிபந்தனை: ஆங்கிலத்தில் பெரும்பாலும் கொதிக்கவைக்கும் விஷயமே எழுவாயாக வரும். 'மை ப்ளட் இஸ் பாய்லிங் ஆன் ஹிம்' என்று எழுதாதீர்கள்.

மூன்றாவது வேலை: பூட்டிய சொற்களைத் தொடாமல் விடுவது

மரபுத்தொடரில் சில சொற்கள் ஆணியடித்தவை, சில மாறக்கூடியவை. எது எது என்று தெரிந்துகொண்டால் தவறுகளில் பெரும்பகுதி நின்றுவிடும்.

'ஹிட் த ரூஃப்' என்பதில் 'த' மாறாது. ஆள் யாராக இருந்தாலும் 'ஹிஸ் ரூஃப்' வராது. 'ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்' என்பதிலும் அப்படியே. ஆனால் கோபத்தில் வெடிப்பதைச் சொல்லும் 'ப்ளோ ஒன்ஸ் டாப்' என்பதில் ஆளுக்கேற்ப மாற வேண்டும்: ஹிஸ் டாப், ஹெர் டாப், மை டாப். 'ப்ளோ எ ஃபியூஸ்', 'ப்ளோ எ கேஸ்கட்' இரண்டிலும் 'எ'.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 'ஹி ப்ளூ ஹிஸ் டாப்' என்பதில் 'ஹிஸ்' கோபப்பட்டவரைக் குறிக்கிறது. 'ஹி பிட் மை ஹெட் ஆஃப்' என்பதில் 'மை' திட்டு வாங்கியவரைக் குறிக்கிறது. அவர் கடித்துத் துப்பியது என் தலையை. 'ஹி ஜம்ப்ட் டவுன் மை த்ரோட்' என்பதும் அவ்வாறே. பாதி பேசும் முன்பே பாய்ந்துவிட்டார் என்று பொருள். இதில் 'ஹிஸ்' போட்டால் தன் தலையைத் தானே கடித்துக்கொண்ட ஆளாகிவிடுவார். தமிழில் 'எரிந்து விழுந்தார்' என்போமே, அந்த இடத்தில் இவை இரண்டும் வரும். ஒரு சொல்லில் முடிக்க 'ஹி ஸ்னாப்ட் அட் மீ'.

இறந்தகாலங்களை வாயால் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும். 'ஹிட்' மாறாது, 'ஹிட்டட்' என்று ஒரு சொல்லே கிடையாது. ப்ளோ, ப்ளூ. ஃப்ளை, ஃப்ளூ. ஸீ, ஸா. கோ, வென்ட்: 'ஹி வென்ட் பலிஸ்டிக்', ஏவுகணைபோல் கிளம்பிவிட்டார். இங்கே 'பிகேம் பலிஸ்டிக்' வராது.

'ஹி இஸ் ஹிட்டிங் த ரூஃப்' ஏன் ஒட்டவில்லை? கூரையில் முட்டுவது நொடியில் முடிந்துவிடும் செயல். நம் பேச்சில் "குதிச்சுட்டு இருக்காருங்" என்று நீட்டலாம். ஆங்கிலத்தில் அப்படி நீட்டுவது அரிது. நடந்துகொண்டிருக்கும் கோபத்துக்கு 'ஹி இஸ் ஃபியூமிங்', 'ஹி இஸ் லிவிட்' எடுங்கள். 'ஹிட் த ரூஃப்' இரண்டு இடத்தில் நன்றாக வேலை செய்யும்: நடந்ததைச் சொல்லும்போது, நடக்கப்போவதை எச்சரிக்கும்போது. "ஹி வில் ஹிட் த ரூஃப் இஃப் வி மிஸ் த ஷிப்மென்ட்" என்பது அச்சு அசலான ஆங்கிலம்.

செயப்பாட்டு வினை வேண்டாம். 'த ரூஃப் வாஸ் ஹிட் பை த மேனேஜர்' என்றால் கிரேன் ஓட்டி மோதிவிட்டார் என்று ஆகிவிடும்.

கேட்டால் புரிந்தால் போதும் என்ற வகை

கொங்கு நாட்டுப் பட்டறைகளில் வளர்ந்தவர்களுக்கு 'ப்ளோ எ கேஸ்கட்' சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆயில் இன்ஜினில் தண்ணீர் இறைத்த தோட்டங்களில் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போனால் எப்படி இருக்கும் என்று தெரியும்: உள்ளே அடைந்து கிடந்த அழுத்தம் கிடைத்த இடுக்கில் பீறிட்டுவிடும். 'ப்ளோ எ ஃபியூஸ்' என்பது கரண்ட் ஃபியூஸ் கட்டையில் பீஸ் போவது.

ஆனால் 'ஹி ஹாஸ் எ ஷார்ட் ஃபியூஸ்' என்பதில் கரண்ட்டே இல்லை. இங்கே ஃபியூஸ் என்பது வெடித் திரி. பாறைக் கிணற்றுக்கு வெடி வைக்கும்போது திரி குட்டையாக இருந்தால் ஓடி ஒதுங்க நேரம் இருக்காது. முன்கோபக்காரர் என்பதற்கு இது. தமிழில் இரண்டுக்கும் இரண்டு சொல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதால் வரும் குழப்பம்.

'லாஸ்ட் ஹிஸ் ராக்', 'வென்ட் ஸ்பேர்', 'த்ரூ எ வாப்ளி' மூன்றும் கடுங்கோபத்தைச் சொல்லும் பிரிட்டன் சரக்கு. அதே கோபத்துக்கு 'ஹாட் எ கௌ', 'ப்ளூ ஹிஸ் ஸ்டாக்' அமெரிக்கச் சரக்கு. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள். நாமாகச் சொல்ல வேண்டியதில்லை. மான்செஸ்டர்க்காரருக்கு மாட்டையும் டெக்சாஸ்காரருக்கு ராக்கையும் அனுப்பிக் குழப்புவானேன். 'லாஸ்ட் ஹிஸ் ஹெட்' கோபம் போலத் தோன்றும், ஆனால் அது பதறிப்போய் நிதானம் இழப்பது. 'ப்ளூ இட்' என்றால் கைக்கு வந்த வாய்ப்பைக் கெடுத்துக்கொண்டார் என்று பொருள்.

நான்காவது வேலை: யார் படிக்கப்போகிறார்கள் என்று பார்ப்பது

திருப்பூர், கரூர் மெயில்கள் போகும் இடங்களில் ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ் எல்லாம் உண்டு. அங்கே இருப்பவருக்கும் ஆங்கிலம் நம்மைப் போலவே படித்து வந்த மொழி. அவருக்கு மரபுத்தொடர் எழுதாதீர்கள். 'வெரி ஆங்க்ரி' என்று நேராக எழுதினால் இருவருக்கும் நல்லது.

கம்பெனிக்குள் எழுதும் மெயிலில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. "த பையர் ஃப்ளூ ஆஃப் த ஹேண்டில்" என்று புரொடக்‌ஷன் மேனேஜருக்கு எழுதுகிறீர்கள். அவர் அதன் மேலேயே பதிலைத் தட்டி, நீங்கள் அதை அப்படியே பையருக்கு ஃபார்வர்ட் செய்தால், கீழே ட்ரெய்ல் மெயிலில் (ஒட்டிக்கொண்டு வரும் பழைய மெயில்) உங்கள் தீர்ப்பு அவருக்குத் தெரியும்படி கிடக்கும். கோபத் தொடர்களை வாயோடு வைத்துக்கொள்ளுங்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் 'அப்செட்' போதும்.

எதிரில் இருப்பவர் கோபமாக இருக்கும்போது நம் ஊரில் "ஏனுங், கோவிச்சுக்காதீங்" என்போம். அந்த 'ங்' உள்ளே இருக்கும் மரியாதை பாதிக் கோபத்தை இறக்கிவிடும். ஆங்கிலத்தில் 'டோன்ட் கெட் ஆங்க்ரி' என்று பெயர்த்தால் அந்த மரியாதை முழுதும் உதிர்ந்து, கட்டளை மட்டும் மிஞ்சுகிறது. 'காம் டௌன்' இன்னும் மோசம். 'டோன்ட் ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்' என்றால் எரிகிற அடுப்பில் எண்ணெய். "ஐ கேன் ஸீ வொய் யூ ஆர் அப்செட்" என்பதுதான் நம் "கோவிச்சுக்காதீங்" செய்யும் வேலையை அங்கே செய்யும்.

நீங்களே கோபமாக இருந்தால், அந்த நேரத்தில் 'ஐ ஆம் ஸீயிங் ரெட்' என்று எழுதுவது நாடகம் மாதிரி ஆகிவிடும். 'திஸ் இஸ் நாட் அக்செப்டபிள்' என்ற நான்கு சொல் அதைவிட உறைக்கும். பிரிட்டன்காரர் உங்களுக்கு 'ஐ ஆம் ரேதர் டிஸப்பாயின்டட்' என்று எழுதினால் சாதாரண ஏமாற்றம் என்று விட்டுவிடாதீர்கள். அடக்கமான சொல்லில் கணிசமான கோபம் ஒளிந்திருக்கலாம்.

பயிற்சி

ஒரு சம்பவத்தை எடுத்து நான்கு பேருக்கு எழுதிப் பாருங்கள். எல் சைஸ் போலோ சட்டை 8,000 பீஸுக்கு எம் சைஸ் லேபிள் தைத்துவிட்டார்கள். கார்ட்டன் கட்டி, தூத்துக்குடிக்கு வண்டி ஏற்றும் நேரத்தில் இன்ஸ்பெக்‌ஷனில் தெரிகிறது.

பக்கத்து சீட் நண்பரிடம் வாய்மொழியாக: "த பையர் ஹிட் த ரூஃப் வென் ஹி ஹேர்ட் அபௌட் த லேபிள்ஸ்." முதலாளிக்கு மெயிலில்: "த பையர் இஸ் வெரி அப்செட் அபௌட் த லேபிள்ஸ். ஹி வான்ட்ஸ் எ கால் டுடே." பையருக்கு: "வி அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன். வி ஆர் ரீலேபிளிங் ஆல் 8,000 பீசஸ்", அதோடு எப்போது முடியும் என்ற தேதி. தையல் யூனிட்டுக்கு: "திஸ் இஸ் நாட் அக்செப்டபிள்."

நான்கில் ஒன்றில் மட்டுமே மரபுத்தொடர் வந்திருக்கிறது. அந்த விகிதம் சரிதான்.

நோட்டில் ஒரு தொடருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே ஆங்கில எழுத்தில் தொடரையும் இறந்தகாலத்தையும் எழுதுங்கள். கீழே ஐந்து வாக்கியம்: நடந்தது இரண்டு, நடக்கப்போவது இரண்டு, உங்களைப் பற்றி ஒன்று. எல்லாம் உங்கள் வீடு, உங்கள் கம்பெனி ஆட்களாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு தொடர், ஐந்து வாரம். எழுதிய வாக்கியத்தைச் சத்தமாகப் படியுங்கள். 'ஆன்' எங்காவது ஒட்டியிருந்தால் காதுக்குத் தெரியும். ஐந்தும் யோசிக்காமல் வரத் தொடங்கிய பிறகு ஆறாவதாக 'பிட் மை ஹெட் ஆஃப்' எடுங்கள். கடிபட்ட தலை யாருடையது என்பதில் மட்டும் கவனம் இருக்கட்டும்.